வி.டி.ஆர்.எல். பிறந்த கதை

கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண்ணிடம் முதலில் எடுக்கிற ரத்தத்தில் ரத்த வகை பார்ப்பார்கள், ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் 'வி.டி.ஆர்.எல்.' என்றும் ஒரு வரி இருக்கும். எதிரே 'நான்-ரியாக்டிவ்' என்று வந்துவிட்டால் மருத்துவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அது என்ன என்று கேட்கிறவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற எத்தனையோ லட்சம் தாய்மார்கள் தங்களை அறியாமலே ஒரு பால்வினை நோய்க்கான பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள்.

அந்த வரி தேடுவது சிபிலிஸை. நம் பக்கத்தில் மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் சொல்லப்பட்டு வந்த நோய். ஆனால் அந்தப் பரிசோதனை நோய்க்கிருமியை நேராகத் தேடுவதில்லை. பரிசோதனைக்குப் பயன்படும் கரைசலில் கிருமியின் துணுக்குகூட இல்லை. மாட்டின் இதயத்திலிருந்து கண்டெடுத்த ஒரு கொழுப்புதான் இருக்கிறது. மாட்டு இதயத்துக்கும் மனிதரின் பிறப்புறுப்பில் தொடங்கும் ஒரு நோய்க்கும் என்ன உறவு என்று கேட்டால், பெர்லினில் ஆரம்பிக்க வேண்டும்.

1905 மார்ச்சில் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் ஃபிரிட்ஸ் ஷவுடின் என்ற விலங்கியல் அறிஞரும் எரிக் ஹோஃப்மன் என்ற தோல் மருத்துவரும் ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெளிறிப்போன, திருகுபோல் சுருண்ட, மிக மெல்லிய ஒரு உயிர் நெளிந்துகொண்டிருந்தது. நானூறு ஆண்டுகளாக ஐரோப்பாவை வதைத்த நோயின் கிருமி அதுதான். ஷவுடின் மறு ஆண்டே, 34 வயதில் இறந்துபோனார்.

கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனாலும் நோயாளிகளில் மிகப் பலரிடம் அதைக் காட்ட வழியில்லை. சிபிலிஸ் முதலில் ஒரே ஒரு புண்ணாக வரும். பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். பிறகு உடம்பெங்கும் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறைந்துவிடும். அதன் பின் ஆண்டுக்கணக்கில் எந்தக் குறியும் இல்லாமல் கிருமி உள்ளே தங்கியிருக்கும். ஒரு சிலருக்குப் பத்து இருபது ஆண்டுகள் கழித்து இதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனியைச் சிதைக்கும், மூளையைக் கெடுக்கும். புண் தானாக ஆறும் என்பதுதான் இந்த நோயின் மிகப் பெரிய கொடுமை. அந்த வாரங்களில் எந்த வைத்தியர் எந்தத் தைலத்தைக் கொடுத்தாலும் 'குணமான' மாதிரிதான் தெரியும். பேருந்து நிலையச் சுவர்களில் மேகநோய்க்கு மருந்து என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளும் விடுதி அறைகளில் முகாம் போடும் போலி வைத்தியர்களும் இன்றுவரை பிழைப்பது இதனால்தான். அவர்களிடம் போனவர் பணத்தைக் கொடுத்து, புண் ஆறியதைப் பார்த்து நிம்மதியடைந்து, நோயோடு வீட்டுக்குத் திரும்புகிறார். மனைவிக்கும் கொடுக்கிறார்.

புண் இல்லாதவரிடமும் நோயைக் காட்ட வேண்டுமென்றால் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். பெர்லினில் அந்த வேலையில் இறங்கியவர் ஆகஸ்ட் ஃபான் வாஸர்மன். ஆல்பர்ட் நைஸர், கார்ல் ப்ரூக் இருவரோடு சேர்ந்து 1906 மே மாதம் அவர் வெளியிட்ட கட்டுரைதான் உலகின் முதல் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை. பெல்ஜியத்தில் ஜூல் போர்டே 1901இல் கண்டறிந்த ஒரு வினையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அது செய்யப்பட்ட விதத்தைக் கேட்டால் இன்றைய பரிசோதனைக்கூட ஊழியர்கள் மலைத்துப்போவார்கள். நோயாளியின் சீரத்தோடு, சிபிலிஸ் கிருமி மண்டிய ஒரு உறுப்பின் சாற்றையும் கினி எலியின் சீரத்தையும் கலப்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் இருந்தால், அது உறுப்புச் சாற்றோடு சேர்ந்துகொண்டு, கினி எலிச் சீரத்தில் இருக்கும் 'காம்ப்ளிமென்ட்' என்ற பொருளைச் செலவழித்துவிடும். அது செலவானதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டாம் கட்டமாக ஆட்டின் சிவப்பணுக்களையும் அவற்றைத் தாக்கும் முயல் சீரத்தையும் ஊற்றுவார்கள். காம்ப்ளிமென்ட் மிச்சமிருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து குழாய் முழுதும் சிவக்கும்: நோய் இல்லை. செலவாகியிருந்தால் சிவப்பணுக்கள் உடையாமல் அடியில் போய்த் தங்கும்: நோய் உண்டு. ஒரு மனிதருக்கு நோயா இல்லையா என்று சொல்ல ஆடு, முயல், கினி எலி மூன்றும் வேண்டியிருந்தன.

கிருமி மண்டிய உறுப்புச் சாறு எங்கிருந்து வந்தது? அந்தக் கிருமியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க அன்று யாராலும் முடியவில்லை. ஆகவே சிபிலிஸால் தாயின் வயிற்றிலேயே இறந்து பிறந்த சிசுக்களின் ஈரலை எடுத்தார்கள். அந்த ஈரல்களில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நோயுற்ற தாய்மார்களுக்கு அன்று பிள்ளைகள் எவ்வளவு சாதாரணமாகச் செத்துப் பிறந்தன என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும். ஒரு பரிசோதனைக்கு மூலப்பொருள் ஆகுமளவுக்கு அந்தச் சாவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டே, 1907இல், கார்ல் லாண்ட்ஸ்டைனரும் அவர் கூட்டாளிகளும் இந்த விளக்கத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர்தான். நோயில்லாத விலங்கின் உறுப்பிலிருந்து சாராயத்தில் இறக்கிய சாறும் அதே வினையைத் தந்தது. கிருமியே தேவைப்படவில்லை! வாஸர்மன் தேடியது கிருமிக்கு எதிரான பொருளை. அவர் கையில் அகப்பட்டதோ உடம்பின் கொழுப்புக்கு எதிரான ஒரு பொருள். கிருமி திசுக்களைச் சிதைக்கும்போது அணுக்களுக்குள்ளிருந்து வெளிப்படும் கொழுப்பும், கிருமியின் மேலேயே இருக்கும் அதுபோன்ற கொழுப்பும் உடலை உசுப்பி அந்த எதிர்ப்பொருளைச் சுரக்கவைக்கின்றன என்பது பின்னால் வந்த விளக்கம். எது எப்படியோ, இறந்த சிசுக்களின் ஈரல் தேவையில்லாமல் போனது. கசாப்புக் கடையில் கிடைக்கும் மாட்டு இதயம் அந்த இடத்துக்கு வந்தது.

பிழையான ஊகத்திலிருந்து பயனுள்ள கருவி பிறந்த இந்தக் கதையை ஒரு முழு நூலாகவே எழுதியவர் லுட்விக் ஃப்ளெக். அன்றைய போலந்தின் லுவோவ் நகரத்து யூத மருத்துவர். பின்னாளில் நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிரோடு மீண்டவர். 1935இல் வந்த அந்த நூலில் அவர் சொல்வது இது: ஆரம்பத்தில் நோயுள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேரைத்தான் பரிசோதனை அடையாளம் காட்டியது, பல பரிசோதனைக்கூடங்களில் பெயர் தெரியாத பலர் அளவுகளையும் நேரத்தையும் திருத்தித் திருத்தித்தான் அதை எழுபது, தொண்ணூறுக்குக் கொண்டுவந்தார்கள். வாஸர்மன் பெயரைத் தாங்கினாலும் அது பலர் கைப்பட்டு உருவான பொருள். எனக்கு இந்தப் பார்வை மிகவும் சரியாகப் படுகிறது.

1910இல் பால் எர்லிக்கும் சஹச்சிரோ ஹாட்டாவும் சால்வர்சான் என்ற ஆர்செனிக் மருந்தைக் கொண்டுவந்ததும் பரிசோதனைக்கு மதிப்பு கூடியது. கண்டுபிடித்தால் கொடுக்க ஏதோ ஒன்று கையில் இருந்தது. 1923இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ரூபன் கான், ஆடு முயல் எதுவும் வேண்டாம், நோயாளியின் சீரத்தையும் கொழுப்புச் சாற்றையும் கலந்தால் துகள் திரளும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று காட்டினார். வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் சாறு ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு தரத்தில் இருந்தது. முடிவும் அப்படியே மாறியது. அந்தக் குறையைத் தீர்த்தவர் மேரி பேங்போர்ன் என்ற வேதியியலாளர். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில், மாட்டு இதயச் சாற்றில் உண்மையில் வேலை செய்யும் கொழுப்பு எது என்று பிரித்தெடுத்து, கார்டியோலிப்பின் என்று பெயரிட்டு 1941இல் வெளியிட்டார். சுத்தமான கார்டியோலிப்பின், லெசித்தின், கொலஸ்டரால் மூன்றையும் அளந்து கலந்தால் உலகில் எங்கும் ஒரே கரைசல் கிடைக்கும்.

அந்தக் கரைசலை வைத்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த அமெரிக்க அரசின் பால்வினை நோய் ஆராய்ச்சி ஆய்வகத்தில் ஹாரிஸ், ரோசன்பர்க், ரீடல் மூவரும் 1946இல் வெளியிட்டதுதான் வி.டி.ஆர்.எல். ஆய்வகத்தின் பெயரே பரிசோதனைக்குப் பெயராகிவிட்டது. வட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், சூடாக்கிய சீரம் சிறிது; அதன்மேல் கரைசல் ஒரு துளி. சுழல்மேடையில் நான்கு நிமிடம் சுற்றவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நோயில்லாத சீரம் ஒரே சீராக இருக்கும். நோயுள்ள சீரம் பால் திரிந்தாற்போலக் கட்டிகட்டியாகத் தெரியும். சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய் எதுவரை திரிகிறது என்று பார்த்தால், நோயின் வேகத்துக்கு ஒரு எண் கிடைக்கும். மருத்துவர் சீட்டில் காணும் 1:8, 1:32 எல்லாம் அதுதான்.

அதே ஆய்வகம்தான் அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1943இல், சிபிலிஸை பெனிசிலின் குணமாக்கும் என்று முதன்முதலில் காட்டியது. ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வில் ஹாரிஸும் பங்குகொண்டவர். நோயைக் காட்டும் வழியும் தீர்க்கும் வழியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தன. இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முடியவில்லை. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கட்லர் என்ற மருத்துவர் 1946இல் குவாதமாலாவுக்குப் போனார். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் பணத்தில், அங்கிருந்த சிறைக்கைதிகள், படைவீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள், பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் ஆகியோருக்கு 1948 வரை வேண்டுமென்றே சிபிலிஸும் வேறு பால்வினை நோய்களும் ஏற்றப்பட்டன. 1,300க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. ரத்தப் பரிசோதனைகள் எவ்வளவு நம்பகமானவை என்று ஒப்பிட்டுப் பார்க்க அநாதை இல்லக் குழந்தைகளின் ரத்தத்தையும் எடுத்தார்கள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி பழைய ஆவணங்களில் கண்டெடுத்த பின், 2010இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது.

சொந்த நாட்டிலும் அதைவிட நீண்ட குற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கி 40 ஆண்டுகள், சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். நோய் என்ன என்று சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும் சிகிச்சை என்றே சொன்னார்கள். பெனிசிலின் வந்தபிறகும் கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் ராணுவப் பரிசோதனையில் அகப்பட்டுச் சிகிச்சைக்குப் போகவேண்டியவர்களையும் தடுத்து நிறுத்தினார்கள். நோய் மனிதரை எப்படித் தின்கிறது என்று கடைசிவரை பார்ப்பதுதான் நோக்கம். 1972இல் செய்தித்தாளில் வெளியான பிறகே நின்றது. கட்லர் இதிலும் பங்குகொண்டவர்.

இந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிட்டு வி.டி.ஆர்.எல்.லின் கதையைச் சொல்வது நேர்மையில்லை என்று நினைக்கிறேன். டஸ்கீகியில் பரிசோதனை குறைவின்றி நடந்தது. துல்லியமாகவே நடந்தது. முடிவைக் கேட்கும் உரிமையும் மருந்தைப் பெறும் உரிமையும்தான் அந்த மனிதர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. சம்மதம், ரகசியம், முன்னும் பின்னும் ஆலோசனை என்று இன்று நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் பரிசோதனையோடு பிறந்தவை அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தவை. இந்தியாவில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இவற்றைச் சட்டமாக்கியது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில்.

கர்ப்பிணிகளிடம் இந்தப் பரிசோதனை எப்படி வந்தது என்பதும் சொல்ல வேண்டியது. 1934இல் நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையராக இருந்த தாமஸ் பேரன் வானொலியில் பேச அழைக்கப்பட்டார். 'சிபிலிஸ்' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று வானொலி நிறுவனம் சொன்னதால் பேசாமலே இருந்துவிட்டார். நாடு முழுதும் அது செய்தியானது. பிறகு அமெரிக்கா முழுமைக்கும் தலைமை மருத்துவ அதிகாரியாகி, அந்தச் சொல்லை ஊரறியப் பேசவைத்தவர் அவர்தான். 1938இல் நியூயார்க் மாநிலம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை செய்யச் சட்டம் போட்டது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் நோயை, குழந்தை பிறக்குமுன்பே தடுக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் பல நாடுகளுக்கும் பரவியது.

மாட்டுக் கொழுப்பை வைத்துப் பார்ப்பதால் இந்தப் பரிசோதனை சில நேரம் பொய்யும் சொல்லும். தொழுநோய், மலேரியா, லூபஸ் போன்ற நோய்களில் சிபிலிஸ் இல்லாதவருக்கும் திரியும். சில கர்ப்பிணிகளுக்குக் காரணமில்லாமலும் திரியும். அந்தப் பொய்யே ஒருமுறை உண்மைக்கு வழிகாட்டியது. பொய்யாகத் திரிந்தவர்களில் சிலருக்கு ரத்தம் அடிக்கடி உறைவதையும் சில பெண்களுக்குக் கரு மீண்டும் மீண்டும் கலைவதையும் கவனித்த லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸும் அவர் குழுவினரும் 1980களில் ஒரு தனி நோயையே அடையாளம் கண்டார்கள். இன்று அதற்கு மருந்து உண்டு. பல பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே வி.டி.ஆர்.எல். 'ரியாக்டிவ்' என்று வந்தால் உடனே யார்மீதும் பழி போடக் கூடாது. கிருமிக்கே உரிய டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மனைவியை வீட்டைவிட்டு அனுப்புவதும் கணவனை ஊர் முன்னால் நிறுத்துவதும் அறியாமையால் செய்யும் அநியாயம்.

அப்படியானால் கிருமிக்கு எதிரான பொருளையே நேராகக் காட்டும் புதுப் பரிசோதனைகள் வந்தபின் பழையது எதற்கு? டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், நோய் குணமான பின்பும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். வி.டி.ஆர்.எல். எண்ணோ சிகிச்சைக்குப் பின் இறங்கும். 1:32 என்றிருந்தது ஓராண்டுக்குள் 1:8க்கு வந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். குணமானதைச் சொல்ல இன்னும் அந்த மாட்டு இதயக் கொழுப்புதான் வேண்டியிருக்கிறது.

இதன் பயனை முழுதாகப் பெற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் அறிவித்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது கர்ப்பகாலக் கவனிப்புக்கு வர வேண்டும், 95 பேருக்காவது பரிசோதனை நடக்க வேண்டும், நோய் தெரிந்தவர்களில் 95 பேருக்காவது சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அந்த அறிவிப்புக்கான அளவுகோல். நீண்ட போரைக் கண்ட ஒரு தீவு அதை எட்டியது, வீடு தேடி வரும் மருத்துவமாதுகளாலும் காசில்லாத கிளினிக்குகளாலும். வி.டி.ஆர்.எல். பிறந்த அமெரிக்காவிலோ 2022இல் மட்டும் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிபிலிஸோடு பிறந்தன. பத்து ஆண்டுகளில் பத்து மடங்குக்கும் மேலான உயர்வு. அவற்றில் பத்தில் ஒன்பது, தாய்க்கு உரிய நேரத்தில் பரிசோதனையோ சரியான சிகிச்சையோ கிடைக்காததால் வந்தவை என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே சொல்கிறது. கண்ணாடித் தகடும் கரைசலும் இரு நாட்டிலும் ஒன்றுதான்.

சிகிச்சையும் பெரிய காரியமில்லை. ஆரம்ப நிலை சிபிலிஸுக்கு பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை, இடுப்பில் ஊசி. நாள்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று. கர்ப்பிணிக்குப் பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போட்டுவிட்டால் பெரும்பாலும் குழந்தை தப்பிவிடும். ஆனால் மனைவிக்கு மட்டும் போட்டுவிட்டுக் கணவரை விட்டுவிட்டால் நோய் மறுபடியும் வரும்.

எனவே இதைப் படிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணியின் ரத்தத்தைப் பார்க்கும் வேளையில் நீங்களும் உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள். பாதுகாப்பில்லாத உறவு ஒன்று நேர்ந்திருந்தால், புண் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையமும் மற்றப் பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையமும் இருக்கின்றன. பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். போவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.